ஞானரதம் செலுத்திய கவிஞர்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் பெருவழியில், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், திருமயம் என்னும் ஊர் இருக்கிறது. தொலைவில் வரும்போதே ஒரு பெரும்பாறையும், அதன்மேல் எழுந்த கோட்டையும் கண்ணிற்படும். கோட்டையை 1687-ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி கட்டுவித்தார் என்பர். பாறையின் அடிவாரத்தில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள் அமைந்துள்ளன. சிவன் சத்தியகிரீசுவரர், திருமால் சத்தியமூர்த்திப் பெருமாள். ஊரின் பழம்பெயரோ திருமெய்யம். மலைக்கும், இறைவனுக்கும், ஊருக்கும் மெய் என்பதையே பெயராக வைத்த நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணி எண்ணி வியக்கலாம்.

இவ்வூரில் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெருமாளின் பெயரே பிள்ளைக்கும் வாய்த்தது. அவரே பின்னாளில் தீரர் சத்தியமூர்த்தி என்று நாடு போற்றிய நாவலர். 1928-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சென்னைச் சட்டசபையில் அவர் எழுந்து நின்று, அரசாங்கம் பறிமுதல் செய்த சில பாட்டுப் புத்தகங்களுக்காக வாதாடினார். அப்பாடல்களை இயற்றியவர் இறந்து அப்போது ஏழாண்டுகள் கழிந்திருந்தன. இறந்தவர் ஒருவரின் பாட்டுக்கு ஒரு பேரரசு ஏன் அஞ்சியது? அவர் இல்லாத ஓர் உலகத்தை இருப்பதுபோலக் காட்டினார் என்பதற்காகவே. அவர்தாம் மகாகவி சுப்பிரமணிய பாரதியார்.

பாரதியாரின் நாட்டுப் பாடல்களை மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும், அவர் உரைநடையில் எழுதிய ஞானரதம் என்னும் கற்பனை நூலைப் படித்தவர் சிலரே. அவர் வாழ்க்கையை அந்நூலின் வழியாக நோக்குவது இப்பாடத்தின் கருத்து.

குறையில்லாத உலகம் ஒன்றைக் கற்பித்து எழுதுவது பழைய வழக்கம். நம் நாட்டார் கிருதயுகம் என்றனர். இங்கிலாந்தில் தாமஸ் மோர் என்னும் அறிஞர் 1516-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அதில் வரும் தீவுக்கு அவர் யுடோப்பியா என்று பெயரிட்டார். எங்கும் இல்லாத இடம் என்பது அதன் பொருள். அத்தீவில் தனியுடைமை இல்லை, பொன்னுக்கு மதிப்பில்லை, கைதிகளுக்கு இடும் விலங்கையே பொன்னாற் செய்தனர். ஆனால் அங்கும் அடிமைகள் இருந்தனர். எல்லாரும் இன்புற்ற நாட்டில் கடுந்தொழிலைச் செய்தவர் யார் என்ற வினா எழுகின்றதன்றோ? இத்தகைய நூல்களின் சுவையே இங்கேதான் இருக்கிறது. நன்மை நிறைந்த நாட்டுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும், அவ்விலை தகுமா என்று அவை நம்மைக் கேளாமற் கேட்கின்றன. மோர் தம் மனச்சான்றுக்கு மாறாக அரசனின் ஆணையை ஏற்க மறுத்து, 1535-இல் தலை துணிக்கப்பட்டு இறந்தார்.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வீட்டில் அவரைச் சுப்பையா என்று அழைத்தனர். ஐந்தாம் வயதில் அன்னையை இழந்தார். தந்தையார் கணிதத்திலும் இயந்திரத் தொழிலிலும் பற்று மிக்கவர். மகனும் அவ்வழியிலேயே வளர வேண்டுமென்று விரும்பினார். பிள்ளையோ கணக்குப் புத்தகத்தை மறந்து, பாட்டிலும் பகற்கனவிலும் ஆழ்ந்திருந்தது. பதினொன்று வயதளவிலேயே புலவர் அவையில் பாடிப் பாரதி என்னும் பட்டம் பெற்றார். தந்தையார் தம் பொருளையெல்லாம் இட்டு எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்று தொடங்கினார். அம்முயற்சி வெள்ளையர் வாணிகத்தின் போட்டியால் நொடித்தது. 1898-ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார். செல்வம் இருந்த வீட்டில் வறுமை வந்து அமர்ந்தது. பொருளால் வரும் இன்பமும் துன்பமும் எத்தகையன என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை, இல்லத்திலேயே கண்டார்.

அதன்பின் சில ஆண்டுகள் காசியில் தம் அத்தையின் இல்லத்தில் தங்கி, வடமொழியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்றார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின்மேல் அவருக்கு அளவற்ற காதல் உண்டாயிற்று. அடிமைத்தளை அற்ற புதிய மனித குலத்தைப் பாடியவர் ஷெல்லி. அவருக்கு அடிமை என்னும் பொருளில் ஷெல்லிதாசன் என்ற புனைபெயரை நம் கவிஞர் வைத்துக்கொண்டார். விடுதலை பாடிய கவிஞருக்கு அடிமை என்று பெயர் வைத்துக்கொண்டது சற்று வேடிக்கைதான். இளமையின் அன்பு அப்படித்தான் பேசும்.

எட்டயபுரம் திரும்பி அரண்மனையில் சிலகாலம் பணி செய்தார். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் சென்னைக்கு வந்து, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியர் ஆனார். 1905-இல் காசியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குச் சென்றவர், கல்கத்தாவுக்கு அருகே நிவேதிதா அம்மையாரைக் கண்டார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் வினவினார். அது எங்கள் வழக்கம் அன்று எனக் கவிஞர் விடை தந்தார். நாட்டில் பாதிப்பேரை அடிமைப்படுத்திவிட்டு மற்றப் பாதி விடுதலை பெறுவது எங்ஙனம் என்னும் கருத்துப்பட அம்மையார் கடிந்துரைத்தார். அன்று முதல் அவரையே தம் குருவாகக் கொண்டார் பாரதியார். 1908-இல் வெளியிட்ட சுதேச கீதங்கள் என்னும் நூலையும் அவருக்கே உரிமையாக்கினார்.

அந்த 1905-ஆம் ஆண்டிலேயே, சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய ஆங்கில மாத இதழில், வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா என்னும் முஸ்லிம் பெண்மணி சுல்தானாவின் கனவு என்னும் கதையை வெளியிட்டார். அக்கனவு நாட்டில் பெண்டிர் ஆட்சி செய்வர். ஞாயிற்றின் வெப்பத்தால் உணவு சமைப்பர். மேகத்திலிருந்து நீர் இறக்குவர். ஆடவரோ வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பர். அங்கே போருமில்லை, குற்றமுமில்லை. ஆனால் ஒரு பாதியை அடைத்து வைத்துப் பெற்ற அமைதி அது. நகைப்புக்காக எழுதியதுபோல் தோன்றும் அக்கதையை ஆடவர் படித்தால், தம் வீட்டுக் கதவைத் திரும்பிப் பாராமல் இருக்க இயலாது. அதே ஆண்டில் பெண்டிர்க்கென்றே தொடங்கிய சக்கரவர்த்தினி என்னும் மாத இதழின் ஆசிரியப் பொறுப்பைப் பாரதியார் ஏற்றார்.

1906-இல் இந்தியா என்னும் வார இதழ் தோன்றியது. பாரதியாரின் எழுத்தில் அனல் பறந்தது. 1908-ஆம் ஆண்டு அரசாங்கம் சீறி எழுந்தது. அவர் நண்பர் வ. உ. சிதம்பரனார் சிறைப்பட்டுக் கொடுந்தண்டனை பெற்றார். இந்தியா இதழின்மேலும் வழக்கு வந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் சீனிவாசன் என்பவர். எழுதியவர் ஒருவர், பொறுப்பேற்றிருந்தவர் மற்றொருவர். சீனிவாசன் கைது செய்யப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை அடைந்தார். பாரதியார் நண்பர்களின் வற்புறுத்தலால், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

இது சரிதானா என்று அன்றும் சிலர் கேட்டனர், இன்றும் கேட்கலாம். தாமும் சிறை சென்றிருந்தால் சீனிவாசனின் துன்பத்தில் பங்கு கொண்டிருக்கலாம். ஆனால் எழுதுகோல் ஓய்ந்திருக்கும். தப்பிச் சென்றதனால் நாட்டுக்குப் பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் கிடைத்தன. எனினும், அவற்றைக் காட்டி, ஐந்தாண்டு சிறையில் வாடியவரிடம் கணக்கு நேராகிவிட்டதென்று எவரும் சொல்லிவிட முடியாது. இத்தகைய முள் ஒன்று தைத்த நெஞ்சோடுதான் பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார் என்று கொள்வது தவறாகாது. இந்தியா இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று. அங்கேதான் ஞானரதமும் புறப்பட்டது. 1910-இல் அது நூலாக வெளிவந்தது.

ஞானரதத்தின் தொடக்கம் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டின் மாடி. மாலை வேளை, கடற்காற்று வீசுகிறது, படுத்திருப்பவருக்கு உறக்கமும் விழிப்பும் கலந்த ஒரு நிலை. கவலைகள் ஈக்கள்போல் மொய்க்கின்றன. இவை அற்ற ஓர் இடத்துக்குப் போய்வரலாம் என்ற ஆசை எழுகிறது. அறிவு என்னும் தேர் வந்து நிற்கிறது. ஏறிக்கொள்கிறார். உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், மண்ணுலகம், தரும லோகம் என ஐந்து இடங்களுக்கு அத்தேர் செல்கிறது. நான்கு வானுலகங்களின் நடுவே நம் மண்ணுலகத்தையும் ஓர் உலகமாகச் சேர்த்ததைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அவர் செல்ல விரும்புவது உபசாந்தி லோகம். அங்கே கவலை என்பதே இல்லை. மனத்தை ஒரு தோழனைப்போல உருவகித்து உடன் அழைத்துச் செல்கிறார். அதுவோ வழியெல்லாம் நடுங்குகிறது, வர மறுக்கிறது. காரணம், வாயிலை நெருங்கியபோது விளங்குகிறது. மனம் அந்த எல்லையைத் தாண்டலாகாது. தாண்டினால் அது மடிந்துபோகும். கவலையற்ற வாழ்வு வேண்டுமானால் மனத்தை வாயிலில் இழந்துவிட்டு உள்ளே போகவேண்டும். கவிஞர் தயங்குகிறார். கவலையைத் தந்தது அம்மனமே. அன்பையும், பாட்டையும், நாட்டு நினைவையும் தந்ததும் அம்மனமே. துயரத்தை மட்டும் பிரித்தெடுத்து எறிய வழியில்லை. அவர் மனத்தோடு திரும்பிவிடுகிறார்.

நூல் முழுவதிலும் இந்த இடம் ஒன்றே போதும் என்று கூறத் தோன்றுகிறது. பல பெருநூல்கள் பன்னூறு பக்கங்களில் பேசும் ஒரு சிக்கலை, பாரதியார் ஒரு கோட்டை வாயிலில் நிறுத்திக் காட்டிவிட்டார். உங்களுள் ஒருவர் அவ்வாயிலில் நின்றால் என்ன செய்வீர்? தேர்வில் தோற்ற துயரமும், தாய் நோயுற்ற அச்சமும் இனி இல்லை. ஆனால் தாயை நினைக்கும் நெஞ்சமும் இனி இல்லை என்றால், உள்ளே போவீரா?

கந்தர்வ லோகத்தில் மனத்துக்குத் தடையில்லை. அங்கே எல்லாம் இசை, நிலவு, அழகு. பர்வதகுமாரி என்னும் நங்கை அவருக்கு வழிகாட்டுகிறாள். இன்பம் நிறைந்த அவ்விடத்திலும் நிலையாகத் தங்கிவிட அவரால் முடியவில்லை. அடுத்தது சத்திய லோகம். திருமெய்யத்தைத் தம் பிறந்த ஊராகக் கொண்டவர்கள் இப்பகுதியைத் தனியே படிக்கலாம். மெய்யே ஆளும் உலகம் அது. மெய்யை எல்லாரும் புகழ்கிறோம். ஆனால் அதன் ஒளி முழுவதும் ஒரே சமயத்தில் நம்மேல் விழுந்தால் தாங்கமாட்டோம். பொய்யோடு பழகிய உள்ளத்துக்கு அவ்வுலகம் எளிதில் இடம் தருவதில்லை என்பதைக் கவிஞர் தம்மையே எடுத்துக்காட்டாக வைத்து உணர்த்துகிறார். பிறர் பொய்யைச் சாடுவது எளிது. தம் பொய்யை எழுதி அச்சிடுவதற்குத் துணிவு வேண்டும்.

பிறகு தேர் இறங்குகிறது. மீண்டும் திருவல்லிக்கேணி, மீண்டும் வீட்டுச் செலவு, கடன், பத்திரிகை வேலை. படிப்பவர் சிரித்துவிடுவர். பாரதியார் தம் வறுமையை நகைச்சுவையாக்கி எழுதுவதில் வல்லவர். ஆயினும் அச்சிரிப்புக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. தரும லோகத்தில் தருமம் யாது என்னும் ஆராய்ச்சி நிகழ்கிறது. ஆனால் தருமத்தைச் செய்யவேண்டிய இடம் கடன்காரர் கதவைத் தட்டும் இந்தத் தெருவேயன்றோ?

அவர் புதுச்சேரியில் வாழ்ந்த வாழ்க்கையே இதற்கு விளக்கம். 1910-இல் இந்தியா இதழ் நின்றது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அதை நுழையவிடவில்லை. 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரை சுடப்பட்டபின் ஒற்றர் தொல்லை பெருகியது. வருவாய் அற்றது. மனைவியார் செல்லம்மாள் சமையலுக்கு வைத்திருந்த அரிசியை எடுத்து, முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்து நின்ற நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. எல்லா உயிரும் உண்ணும் உலகத்தை அவர் அந்தக் கணத்தில் கண்டார், அதில் ஐயமில்லை. ஆனால் அன்றைக்கு உலை வைக்க வேண்டியவர் செல்லம்மாள். இதைக் கவிஞரின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிப் போய்விடுவது வழக்கம். கனவு காண்பவரோடு வாழ்ந்து, அக்கனவுக்குரிய செலவைத் தாம் ஏற்ற அம்மையாரையும் நாம் நினைக்கவேண்டும்.

பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பதை அவர் எழுதியதோடு நிறுத்தவில்லை. 1913-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குத் தம் இல்லத்தில் பூணூல் அணிவித்து, காயத்திரி மந்திரத்தையும் கற்பித்தார். சுற்றத்தார் வெகுண்டனர். அக்கனகலிங்கம் பிற்காலத்தில் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

1917-இல் உருசியாவில் முடியரசு வீழ்ந்தது. கிருதயுகம் பிறக்கின்றது என்று பாரதியார் உள்ளம் துள்ளினார், பாடினார். ஏழையும் செல்வனும் என்ற பிரிவு அற்ற ஒரு நாடு கற்பனையில் மட்டுமன்றி மண்ணிலேயே தோன்றப்போகிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் அங்கே செல்வரின் உடைமையை வாளால் பறிக்கும் செய்திகள் வந்தபோது, அவர் நின்று சிந்தித்தார். செல்வம் என்னும் கட்டுரையில் லெனினுடைய வழியை அவர் ஒப்பவில்லை. எல்லாரும் நிகராக வாழவேண்டும் என்ற குறிக்கோள் அவருக்கும் உடன்பாடே. கொலையால் நிறுவியதைக் கொலையால்தான் காக்க வேண்டியிருக்கும். அதற்கு முடிவில்லை என்பது அவர் கவலை. மாற்றுவழி ஒன்றையும் கூறினார். ஓர் ஊரில் நிலமுடையோரும் உழைப்போரும் ஒன்றுகூடி, நிலத்தைப் பொதுவில் வைத்து, எல்லாரும் உழைத்து எல்லாரும் உண்பதென்று தம்முள் உடன்பட்டு வாழவேண்டும் என்றார்.

நிலமுடையோர் அங்ஙனம் மனமுவந்து இணங்குவாரா? இதற்கு அவர் வைத்த நம்பிக்கை மிகப் பெரிது. சிலர் அதைக் குழந்தையுள்ளம் என்பர். ஆனால் மற்றொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். நல்ல உலகத்துக்காகக் கொஞ்சம் குருதி சிந்தினால் என்ன என்று கேட்பவர்கள், அக்குருதி எவருடையது என்பதைத் தாமே தீர்மானிக்கிறார்கள். உபசாந்தி லோகத்தின் வாயிலில் தம் மனத்தைக் கொல்ல மறுத்துத் திரும்பிய அதே மனிதர், இங்கும் ஒரு வாயிலில் திரும்பி நின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1918-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பாரதியார் புதுச்சேரியை விட்டு ஆங்கில எல்லைக்குள் அடியெடுத்து வைத்தார். உடனே கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்து ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலைத் துறந்துவிட்டதாகவும், ஆட்சிக்கு மாறாக நடப்பதில்லையென்றும் அதில் தெரிவித்தார். நண்பர்களின் முயற்சியும் சேர்ந்து டிசம்பர் 14-ஆம் நாள் விடுதலை கிடைத்தது. குறிப்பிட்ட இடத்தில் தங்கவேண்டும், எழுதுவதைக் காவல்துறையின் பார்வைக்கு அனுப்பவேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் இருந்தன. விடுதலையைப் பாடிய நாவு இவ்விண்ணப்பத்தை எப்படி எழுதியது? பத்தாண்டு நாடுகடந்த வாழ்வும், குடும்பத்தின் பசியும், நலிந்த உடலும் ஒருபுறம். தாமே பாடிய அஞ்சாமை மறுபுறம். சத்திய லோகத்தில் கால் தரிக்க இயலாதென்று முன்னமே எழுதிவைத்த மனிதர் இவர். இச்செய்தியை மறைத்து வாழ்க்கை வரலாறு எழுதுவோர் உண்டு. மறைப்பதனால் அவர் உயர்ந்துவிடுவதில்லை.

விடுதலைக்குப்பின் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். 1919-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்திருந்தபோது, இராசாசியின் இல்லத்தில் தங்கியிருந்த காந்தியடிகளைக் காண விரைந்து சென்றார். அழைப்பும் இல்லை, அறிமுகமும் இல்லை. நேரே உள்ளே சென்று, அன்று மாலை தாம் பேசும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க இயலுமா என்று கேட்டார். அன்று இயலாதென அடிகள் கூற, அவர்தம் இயக்கத்தை வாழ்த்திவிட்டு வந்த வேகத்திலேயே வெளியேறினார். இந்நிகழ்ச்சியை எழுதிவைத்த வ. ரா., அவ்வறையில் இருந்தவர்களுள் ஒருவராகச் சத்தியமூர்த்தியையும் குறிப்பிடுகிறார். திருமயத்தில் பிறந்தவர் எட்டயபுரத்துக் கவிஞரை அன்று பார்த்தது அச்சில நிமிடங்களே. இந்தக் கவிஞரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதாகவும் வ. ரா. எழுதுகிறார். பாதுகாக்கும் வேலை ஒன்று அவ்வறையில் இருந்த ஒருவருக்குப் பின்னாளில் வாய்த்தது.

1920-இல் பாரதியார் ஒரு பெரிய திட்டம் வகுத்தார். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது; விலையை அரை ரூபாயாக வைப்பது; மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல அவை வீடுதோறும் செல்லும்படி செய்வது என்பது அத்திட்டம். மொத்தம் நான்கு இலட்சம் படிகள்! முதலுக்குப் பொருள் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். பணம் வரவில்லை. ஞானரதத்தின் ஐந்து உலகங்களோடு இதனையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் போலும்.

அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்து சென்னையில் வாழலானார். ஞானரதம் புறப்பட்ட அதே திருவல்லிக்கேணி. பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் யானைக்குத் தேங்காய் பழம் கொடுத்துப் பழகியிருந்தார். 1921-இல் ஒருநாள் அந்த யானை அவரைத் தள்ளிவிட்டது. குவளைக்கண்ணன் என்னும் அன்பர் பாய்ந்து தூக்கிக் காத்தார். அக்காயம் ஆறியது, அதன்பின் ஈரோட்டுக்கு அருகேயுள்ள கருங்கல்பாளையம் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். வயிற்றுநோய் கண்டு உடல் தளர்ந்தது. 1921 செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு கழிந்து 12 பிறந்த வேளையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 39 நிறையவில்லை. உடலோடு சுடுகாட்டுக்குச் சென்றவர் மிகச் சிலரே.

அவர் எழுத்துகளைச் செல்லம்மாளும் உறவினரும் இயன்றவரை அச்சிட்டு வந்தனர். 1928-இல் பர்மா அரசாங்கம் அவர் பாடல் நூல்களுக்குத் தடை விதித்தது. அதைப் பின்பற்றிச் சென்னை அரசாங்கமும் தடையிட்டுப் புத்தகங்களைக் கைப்பற்றியது. அரும்பாடுபட்டு அச்சிட்ட படிகள் காவல்நிலையம் போய்ச் சேர்ந்தன.

அப்போதுதான் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்தார். பாரதியார் பாடல்கள் மக்கள் வாயில் குடிகொண்டவை. அச்சுத்தாளைக் கொளுத்தலாம், நாவைக் கொளுத்த முடியாது என்னும் கருத்தை அவர் பலபடியாக விரித்துரைத்தார். அரசாங்கத்தார் அப்பாடல்கள் பகைமையை வளர்க்கின்றன என்றனர். உண்மையில் அவை வளர்த்தது வேறொன்று. அடிமையாகப் பிறந்த ஒருவனுக்கு, அடிமை அல்லாத தன்னைக் காட்டிவிட்டால், பிறகு அவன் பழைய இருப்பில் அடங்குவதில்லை. ஆட்சியாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். சபையில் அரசாங்கத்தைக் கண்டித்துச் சத்தியமூர்த்தி கொண்டுவந்த தீர்மானம் பெரும்பான்மையினரின் ஆதரவோடு நிறைவேறியது.

நாடு விடுதலை பெற்றபின், 1949-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையைத் தானே பெற்றுக்கொண்டது. பின்னர் அவ்வுரிமை பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்றாயிற்று. நாற்பது நூல், நான்கு இலட்சம் படி என்று அவர் போட்ட கணக்கை அச்சுக்கூடங்கள் எப்போதோ கடந்துவிட்டன. ஒருகாலத்தில் காவலர் அள்ளிச்சென்ற பாடல்கள் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றன. அவற்றுக்காகச் சட்டசபையில் வாதாடிய திருமயத்துச் சத்தியமூர்த்தி அதனைக் காண இருக்கவில்லை. 1943 மார்ச் 28-ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, அவர் மறைந்துவிட்டார்.